சுக்னா நடைபாதை அருகே 35 மாடிக் குடியிருப்பு: சண்டிகரில் கட்டட அனுமதி எங்கே பிசகியது?

சண்டிகர்: விடிவதற்கு முன்பே சண்டிகர் சுக்னா ஏரியின் கரையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. நடப்பவர்கள், ஓடுபவர்கள், யோகா செய்பவர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், கல்லூரி மாணவர்கள் எனப் பலதரப்பினரும் அணையின் மேல் அமைந்த அந்த நீண்ட நடைபாதையைப் பயன்படுத்துகின்றனர். அங்கே கார் இல்லை, மோட்டார் சைக்கிள் இல்லை. ஒருபுறம் நீர்ப்பரப்பு, அதற்கு அப்பால் காடு, காட்டுக்குப் பின்னால் சிவாலிக் மலைத்தொடர். இந்தக் காட்சியின் நடுவே 35 மாடிகள் வரை உயரும் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்திருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்பு அதற்கு அனுமதி அளித்தது. சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது. இறுதியில் உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கே அந்தக் கோபுரங்களைத் தடுத்தது.

ஒரு கட்டடத்துக்கான அனுமதியை யார் ஆராய்கிறார்கள், எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பதற்கு இந்தியாவில் சண்டிகரைக் காட்டிலும் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. நாட்டிலேயே மிக நுணுக்கமாகத் திட்டமிடப்பட்ட நகரம் அது. அங்கேயே இப்படி நடந்தது என்பதுதான் மற்ற நகரங்களில் வசிப்போர் இதைக் கவனிக்க வேண்டியதற்குக் காரணம்.

நகருக்குத் தரப்பட்ட ஏரி

பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகராக உருவாக்கப்பட்டது சண்டிகர். முதலில் இப்பணி அமெரிக்காவைச் சேர்ந்த ஆல்பர்ட் மேயரிடமும் மாத்யூ நோவிக்கியிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1950-இல் விமான விபத்தில் நோவிக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து, பிரான்சில் பணியாற்றிவந்த லே கார்பூசியே அழைக்கப்பட்டார். பியர் ஜான்னரே, மாக்ஸ்வெல் ஃபிரை, ஜேன் ட்ரூ ஆகியோர் அவருடன் இணைந்தனர். 800 மீட்டருக்கு 1,200 மீட்டர் என்ற அளவில் செக்டர்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு செக்டருக்குள்ளும் பசுமைப் பட்டை ஒன்று ஊடுருவிச் செல்லும். பள்ளிக்கூடமும் விளையாட்டுத் திடலும் அதை ஒட்டியே அமையும்.

சுக்னா ஏரி இயற்கையாக உண்டானதன்று. சிவாலிக் மலையிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் பாய்ந்துவரும் சுக்னா சோ என்ற காட்டாற்றின் குறுக்கே 1958-இல் அணை எழுப்பி இந்த ஏரி உருவாக்கப்பட்டது. இதில் லே கார்பூசியேவுக்கும் தலைமைப் பொறியாளர் பி.எல்.வர்மாவுக்கும் பெரும் பங்கு உண்டு. ஏரியில் மோட்டார் படகுகள் ஓடக்கூடாது, அணையின் மேல் மோட்டார் வாகனங்கள் செல்லக்கூடாது என்று லே கார்பூசியே வலியுறுத்தினார். நகரின் பரபரப்பிலிருந்து மக்கள் விலகி அமைதியாக நடக்கவே ஏரியும் அணையும் அவர்களுக்கு அளிக்கப்படுகின்றன என்பது அதன் நோக்கம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காக்கப்பட்டுவரும் இந்த விதியால்தான் அந்த நடைபாதை இன்றும் நடைபாதையாக இருக்கிறது.

இரண்டாவது நடைவழி நகரின் நடுவே செல்கிறது. வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கி ஓடும் மற்றொரு பருவகால ஓடை அரித்துச் சென்ற பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி மனைகளாக்கியிருக்கலாம். இந்தியாவின் எத்தனையோ நகரங்களில் ஓடைகளுக்கு அதுதான் நேர்ந்தது. சண்டிகரில் அந்தப் பள்ளம் அப்படியே விடப்பட்டு, சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர் பூங்காவாக மாற்றப்பட்டது. லெஷர் வேலி என்று அழைக்கப்படும் இந்தப் பூங்காத் தொடரில் செக்டர் 1-இல் ராஜேந்திரா பூங்கா, செக்டர் 3-இல் காகிதப்பூத் தோட்டம், செக்டர் 10-இல் உடற்பயிற்சி நடைபாதை, செக்டர் 16-இல் ஜாகிர் உசேன் ரோஜாத் தோட்டம், செக்டர் 23-இல் மூங்கில் பள்ளத்தாக்கு, செக்டர் 36-இல் நறுமணத் தோட்டம் என ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 1967-இல் அமைக்கப்பட்ட ரோஜாத் தோட்டமும் நகரின் மரங்களும் எம்.எஸ்.ரந்தாவா என்ற ஐ.சி.எஸ். அதிகாரியின் ஈடுபாட்டுக்குக் கடன்பட்டவை.

இந்த இரு நடைவழிகளுக்கும் ஒரே உரிமையாளர் கிடையாது. ஏரியையும் அணையையும் யூனியன் பிரதேச நிர்வாகம் பார்க்கிறது. ரோஜாத் தோட்டம் மாநகராட்சியிடம் உள்ளது. ஏரிக்குப் பின்னாலுள்ள காடு வனத்துறையின் பொறுப்பு. அக்காட்டின் வழியே கான்சலிலிருந்து நேப்லிக்குச் செல்லும் மலையேற்றப் பாதையில் நடக்க வனத்துறையின் முன் அனுமதி தேவை. ஏரிக்கரையில் கார் ஓட்டத் தடை, காட்டுப்பாதையில் நடக்கவே அனுமதி என்ற அளவுக்குக் கட்டுப்பாடு நிலவும் ஓரிடத்தில், கோபுரங்களுக்கு எப்படி வழி பிறந்தது என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. விடை நகரத்தின் எல்லைக்கோட்டில் இருக்கிறது.

கோட்டுக்கு அந்தப் பக்கம்

நகரைத் திட்டமிட்டவர்கள் அதன் விளிம்பைப் பற்றியும் யோசித்திருந்தனர். 1952-ஆம் ஆண்டின் பஞ்சாப் புதிய தலைநகர் சுற்றுப்புறக் கட்டுப்பாட்டுச் சட்டம், நகரைச் சுற்றி 5 மைல் தூரத்துக்கு அனுமதியின்றிக் கட்டுமானம் எழுப்பத் தடை விதித்தது. 1962-இல் அது 10 மைலாக விரிவாக்கப்பட்டது. நகரைச் சுற்றி வயல்களும் கிராமங்களும் மட்டுமே இருக்க வேண்டும் என்பது எண்ணம். ஆனால் 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாப் பிரிக்கப்பட்டது. சண்டிகர் யூனியன் பிரதேசமானது. சுற்றுப்புற வளையத்தின் பெரும்பகுதி பஞ்சாபுக்கும் ஹரியானாவுக்கும் போனது. ஒரே சட்டத்தை மூன்று அரசுகள் மூன்று விதமாகக் கையாளத் தொடங்கின. மொஹாலியும் பஞ்ச்குலாவும் அந்த வளையத்துக்குள்தான் வளர்ந்தன.

தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர் நீதிமன்றமும் அமைந்த கேப்பிடல் வளாகத்தின் வடக்கே, சாலையைக் கடந்தால் பஞ்சாப் எல்லை. கான்சல், நயாகாவ் ஆகிய ஊர்கள் அங்கே உள்ளன. நகருக்குள் வீடு வாங்க வசதியில்லாத பல்லாயிரம் குடும்பங்கள் சிறு மனைகளை வாங்கிக் குடியேறிய இடம் நயாகாவ். குறுகிய தெருக்கள், ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகள் என, சாலைக்கு இந்தப்பக்கம் இருக்கும் நகரத்துக்கு நேரெதிரான தோற்றம். இந்தப் பகுதியை நயாகாவ் நகர் பஞ்சாயத்து நிர்வகித்தது.

கான்சலில் சுமார் 53 ஏக்கர் நிலத்தில்தான் டாடா ஹவுசிங் நிறுவனத்தின் கேமலாட் குடியிருப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. நிலம், பஞ்சாப் சட்டமன்ற உறுப்பினர்களை உறுப்பினர்களாகக் கொண்ட கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தமானது. 2013 ஜூலையில் நகர் பஞ்சாயத்தின் அனுமதியும் அதே ஆண்டு செப்டம்பரில் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தன. சுக்னா வன உயிரின சரணாலயத்தின் எல்லை, திட்ட இடத்திலிருந்து வடக்கே 123 மீட்டரிலும் கிழக்கே 183 மீட்டரிலும் இருந்தது.

கட்டட அனுமதி என்றால் என்ன?

இவ்விடத்தில் சற்று நின்று, இந்தியாவில் கட்டட அனுமதி என்ற சொல் எத்தனை விஷயங்களைக் குறிக்கிறது என்பதைப் பார்ப்பது நல்லது. பலர் எண்ணுவதுபோல அது ஒரே முத்திரை அன்று.

முதலாவது, நிலப் பயன்பாடு. ஒரு நிலம் குடியிருப்புக்கா, வணிகத்துக்கா, வேளாண்மைக்கா, பசுமைப் பகுதிக்கா என்பதை மாஸ்டர் பிளான் எனப்படும் முழுமைத் திட்டம் முடிவு செய்கிறது. பொதுமக்கள் சட்டப்படி ஆட்சேபம் தெரிவிக்கக்கூடிய முக்கியமான கட்டம் இதுதான். வரைவு வெளியிடப்பட்டு, குறிப்பிட்ட நாள்களுக்குள் கருத்துகள் கேட்கப்படும். சண்டிகர் மாஸ்டர் பிளான் 2031 இவ்வாறு கருத்துகள் கேட்கப்பட்ட பிறகு 2015-இல் அறிவிக்கை செய்யப்பட்டது. ஆனால் பெரும்பாலானோர் மாஸ்டர் பிளானைத் தங்கள் தெருவில் பொக்லைன் இயந்திரம் வந்து நின்ற பிறகே தேடுகின்றனர்.

இரண்டாவது, வரைபட ஒப்புதல். கட்டடத்தின் உயரம், சுற்றி விடவேண்டிய இடைவெளி, தளப்பரப்பு, வாகன நிறுத்துமிடம், தீயணைப்பு வசதி ஆகியவை விதிகளுக்கு உட்பட்டுள்ளனவா என்று ஆராயப்படும். சண்டிகரில் இந்த ஆய்வு வழக்கத்தைவிடக் கடுமையானது. நகரின் பல பகுதிகளில் வீட்டின் முகப்பு எப்படி இருக்க வேண்டும், சன்னல் எந்த அளவில் அமைய வேண்டும், மதில் எவ்வளவு உயரம் என்பதையும் விதி சொல்கிறது. தனி வீடுகள் எஸ்டேட் அலுவலகத்திலும், பெரிய கட்டடங்கள் வரைபட ஒப்புதல் குழுவிலும் பரிசீலிக்கப்படுகின்றன. பாரம்பரியப் பகுதி என்றால் 2012-இல் அமைக்கப்பட்ட சண்டிகர் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் கருத்தும் தேவைப்படும். கேப்பிடல் வளாகம் 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றதால், அதன் சுற்றுவட்டாரத்தில் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, சுற்றுச்சூழல் அனுமதி. 2006 செப்டம்பர் 14 நாளிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்பு கொண்ட திட்டங்களுக்கு இது கட்டாயம். மாநில அளவிலான நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்க, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் முடிவெடுக்கும். இந்த அறிவிக்கையில் பலருக்குத் தெரியாத ஒரு விதி உண்டு. சுரங்கம், அனல்மின் நிலையம் போன்றவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கட்டடத் திட்டங்களுக்கும் நகரியங்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. பக்கத்து வீட்டுக்காரரோ, நடைபாதையைப் பயன்படுத்துபவரோ தம் கருத்தைச் சொல்ல ஒரு மேடையே இல்லை. மேலை நாடுகள் பலவற்றில் ஊர்த் திட்டக் குழு மாதந்தோறும் கூடி, புதிய கட்டடத்தின் உரிமையாளரையும் அண்டை வீட்டாரையும் ஒரே அறையில் அமரவைத்து விசாரிக்கும் வழக்கம் உள்ளது. இங்கே அத்தகைய விசாரணை பெரும்பாலும் நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. பல ஆண்டுகள் கழித்து, வழக்கறிஞர் கட்டணத்துடன்.

நான்காவது, வன உயிரின அனுமதி. சரணாலயம் அல்லது தேசியப் பூங்காவைச் சுற்றிச் சூழல் உணர்திறன் மண்டலம் அறிவிக்கப்படாத நிலையில், 10 கிலோமீட்டருக்குள் வரும் திட்டங்கள் தேசிய வன உயிரின வாரியத்தின் நிலைக்குழு முன் வைக்கப்பட வேண்டும். 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலிருந்து வந்த நிபந்தனை இது.

ஒவ்வொரு மேசையும் தன் முன்னால் வைக்கப்பட்ட கோப்பை மட்டுமே பார்க்கிறது. நகர் பஞ்சாயத்து தளப்பரப்பைக் கணக்கிடுகிறது. ஏரிக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது அதன் வேலையாக அமையவில்லை.

100 மீட்டரா, 2 கிலோமீட்டரா?

சுக்னா சரணாலயம் 1998 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். ஏரியில் வண்டல் படிவதைத் தடுக்க, நீர்ப்பிடிப்புப் பகுதியில் நிலம் கையகப்படுத்தி மரம் வளர்த்ததன் விளைவாக உருவான காடு இது. அதாவது ஏரியைக் காப்பாற்றவே காடு வளர்க்கப்பட்டது, காடு வளர்ந்ததால் சாம்பார் மான்களும் மயில்களும் பெருகின. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் நீர்ப்பறவைகள் ஏரிக்கு வருகின்றன. 1988-இல் இந்த ஏரி தேசிய ஈரநிலமாகவும் அங்கீகரிக்கப்பட்டது.

சரணாலயத்தைச் சுற்றி எவ்வளவு தூரத்துக்குப் பாதுகாப்பு வளையம் வேண்டும் என்பதில்தான் அரசுகள் முரண்பட்டன. சண்டிகர் பகுதிக்கு 2017 ஜனவரியில் வெளியான அறிவிக்கை 2 முதல் 2.75 கிலோமீட்டர் வரையிலான மண்டலத்தை வரையறுத்தது. பஞ்சாப் அரசோ தன் பக்கத்தில் 100 மீட்டர் போதும் என்று முன்மொழிந்தது. கேமலாட் திட்டத்துக்கும் சரணாலயத்துக்கும் இடையிலான தூரம் 123 மீட்டர் என்பதை இங்கே நினைவுகூர்ந்தால், 100 என்ற எண்ணின் பொருள் தானாகவே விளங்கும். ஒரே காடு, ஒரே மான். அது வேலியைத் தாண்டி எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதைப் பொறுத்து அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு 2 கிலோமீட்டராகவோ 100 மீட்டராகவோ மாறும்.

விவகாரம் பொதுநல வழக்காகப் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றத்தில் தொடங்கியது. பின்னர் உச்ச நீதிமன்றம் அதனை டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியது. 2017 ஏப்ரல் 12 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், திட்ட இடம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் வருகிறது என்று கூறி அனுமதிகளை ரத்து செய்தது. இந்திய நில அளவைத் துறை 2004-இல் தயாரித்த வரைபடம் இதில் முக்கிய ஆதாரமாக அமைந்தது.

நிறுவனம் மேல்முறையீடு செய்தது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, எம்.ஆர்.ஷா, பி.ஆர்.கவாய் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2019 நவம்பர் 5 அன்று தீர்ப்பு வழங்கியது. சரணாலயத்துக்கு இவ்வளவு அருகில் இத்தகைய திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று கூறி, ரத்து உத்தரவை அமர்வு உறுதி செய்தது. 100 மீட்டர் என்ற பஞ்சாப் அரசின் முன்மொழிவையும் ஏற்க மறுத்தது. சட்டமன்ற உறுப்பினர்கள் 95 பேர் இத்திட்டத்தில் வீடு பெறவிருந்தனர் என்பதையும் சுட்டிக்காட்டிய நீதிமன்றம், இயற்கை வளங்களை மக்களின் சார்பில் பாதுகாக்க வேண்டிய அறங்காவலர் நிலையில் அரசு உள்ளது என்ற கோட்பாட்டை நினைவூட்டியது. விதியை வகுப்பவர்களே அந்த விதியால் பயனடைபவர்களாக இருந்தால், எத்தனை மேசைகளில் கோப்பு சுற்றிவந்தாலும் பயனில்லை என்பதை இந்த வழக்கு அளவுக்கு வெளிப்படையாகக் காட்டியவை குறைவு.

சிறு வீடுகளின் அச்சம்

கோபுரங்கள் தடுக்கப்பட்டதை ஏரியின் வெற்றியாக நடைபயிற்சியாளர்கள் கொண்டாடினர். ஆனால் நயாகாவ் மக்களுக்கு அடுத்த கட்டம் அவ்வளவு மகிழ்ச்சி தருவதாக அமையவில்லை. 2020 மார்ச்சில் பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம், சுக்னா ஏரியைச் சட்டப்படியான உரிமைகள் கொண்ட உயிருள்ள அமைப்பாக அறிவித்தது. நீர்ப்பிடிப்புப் பகுதியில் எழுந்த அனுமதியற்ற கட்டுமானங்களை இடிக்கவும் உத்தரவிட்டது. பஞ்சாப், ஹரியானா அரசுகளின் அலட்சியத்தையும் கடுமையாகக் கண்டித்தது.

நீர்ப்பிடிப்புப் பகுதி என்பது ஏரியின் உயிர்நாடி. மழைநீர் மண்ணில் ஊறி, சிறு தடுப்பணைகளில் தங்கி, வண்டலை விட்டுவிட்டு மெதுவாக ஏரிக்கு வர வேண்டும். அங்கே சிமென்ட் தளம் பரவினால் நீர் ஊறாது. மழை பெய்த சில மணி நேரத்தில் முழு வெள்ளமும் ஏரிக்குள் பாயும், மற்ற மாதங்களில் ஏரி வறளும். ஏரி நிரம்பினால் மதகைத் திறக்க வேண்டிவரும். 2020 ஆகஸ்டில் அவ்வாறு திறக்கப்பட்டபோது, நடைபாதையிலிருந்து வெகுதூரம் கீழேயுள்ள பஞ்சாபின் பல்தானா பகுதியில் தெருக்களுக்குள் வெள்ளம் புகுந்தது. ஏரிக்கு மேலே கட்டப்படும் கட்டடத்தின் விளைவை ஏரிக்குக் கீழே வசிப்பவர் அனுபவிக்கிறார். இவர்கள் இருவரும் ஒரே விசாரணையில் சந்திக்கும் வாய்ப்பை இன்றைய அனுமதி முறை அளிப்பதில்லை.

எனினும், நயாகாவில் வீடு வாங்கியவர்களில் பெரும்பாலோர் மாட மாளிகை வாங்கியவர்கள் அல்லர். மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் சாலையும் அரசே தந்த பிறகு, அந்த மனை ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சூழல் உணர்திறன் மண்டலத்தின் அகலத்தைக் கூட்டும் பேச்சு எழும்போதெல்லாம் அங்கு போராட்டம் வெடிப்பதற்குக் காரணம் இதுதான். மண்டலத்துக்குள் வந்துவிட்டால் வீட்டில் ஓர் அறை கூட்டிக்கட்ட முடியுமா, வங்கிக் கடன் கிடைக்குமா, விற்க முடியுமா என்ற கவலை அவர்களை வாட்டுகிறது.

இந்தக் கவலைக்குத் தேசிய அளவிலும் ஒரு முன்வரலாறு உள்ளது. நீலகிரி மாவட்டம் கூடலூர் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கு, நாடு முழுவதற்குமான வன வழக்காக விரிந்தது. அதே வழக்கில் 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு காட்டையும் சுற்றிக் குறைந்தது 1 கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்றும் அதற்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்றும் உத்தரவிட்டது. கேரளம் உள்ளிட்ட மாநிலங்களில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2023 ஏப்ரல் 26 அன்று அந்த உத்தரவு திருத்தப்பட்டது. மண்டலம் ஏற்கெனவே வரைவாகவோ இறுதியாகவோ அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு 1 கிலோமீட்டர் விதி பொருந்தாது என நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சுரங்கத் தடை மட்டும் நீடித்தது. காட்டோரம் தலைமுறைகளாக வாழ்வோரின் வீட்டுப் பழுதுபார்ப்பையும் 35 மாடிக் கோபுரத்தையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது என்பதே இத்திருத்தத்தின் உட்கிடை.

நகருக்குள்ளும் அதே கேள்வி

எல்லைக்கு அப்பால்தான் பிரச்சினை என்று எண்ணிவிட வேண்டாம். செக்டர் 1 முதல் 30 வரையிலான முதற்கட்டப் பகுதி 1.5 லட்சம் பேருக்காகவும், இரண்டாம் கட்டம் 3.5 லட்சம் பேருக்காகவும் திட்டமிடப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யூனியன் பிரதேசத்தின் மக்கள்தொகை 10,55,450. அகன்ற மனைகளில் ஒரே குடும்பத்துக்காகக் கட்டப்பட்ட வீடுகளைத் தளம் தளமாகப் பிரித்து விற்கும் போக்கு முதற்கட்டச் செக்டர்களில் பரவியது. இதற்கு வழிவகுத்த 2001-ஆம் ஆண்டு அடுக்குமாடி விதிகள், எதிர்ப்பு காரணமாக 2007-இல் திரும்பப் பெறப்பட்டன. விதி போனாலும் வழக்கம் போகவில்லை. மூன்று பேர் ஒரே வீட்டில் பங்கு வாங்குவார்கள். தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு ஆளுக்கொரு தளத்தை வைத்துக்கொள்வார்கள். அலுவலகப் பதிவேட்டில் அது ஒரே வீடு, தெருவில் அது மூன்று குடும்பங்களும் ஆறு கார்களும்.

செக்டர் 10 குடியிருப்போர் சங்கம் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் பி.ஆர்.கவாய், பி.வி.நாகரத்னா அமர்வு 2023 ஜனவரி 10 அன்று இந்த முறைக்குத் தடை விதித்தது. முதற்கட்டச் செக்டர்களின் குடியிருப்பு அடர்த்தியை உயர்த்தலாமா என்பதைப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு முதலில் ஆராய வேண்டும், அதுவரை தனி வீட்டை மூன்று அடுக்ககங்களாக மாற்றும் நோக்கம் தெரியும் வரைபடங்களுக்கு ஒப்புதல் தரக்கூடாது, அக்குழுவைக் கலந்தாலோசிக்காமலும் மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமலும் புதிய விதிகள் வகுக்கக்கூடாது, முதற்கட்டப் பகுதியில் மூன்று தளங்களும் சீரான உயரமுமே இருக்க வேண்டும் என்பன அந்தத் தீர்ப்பின் முக்கிய உத்தரவுகள். பெங்களூருவின் கட்டுப்பாடற்ற வளர்ச்சி தரும் எச்சரிக்கையைக் குறிப்பிட்ட நீதிபதிகள், நகர வளர்ச்சிக்கு அனுமதி அளிக்கும் முன் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வு நடத்துவதற்கான ஏற்பாடுகளை மத்திய, மாநில அரசுகள் செய்ய வேண்டும் எனவும் கேட்டுக்கொண்டனர்.

தீர்ப்பைக் குறை கூறுவோரும் உண்டு. பாட்டன் கட்டிய பெரிய வீட்டை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்வதில் என்ன தவறு, நகரின் மையத்தில் அடர்த்தியைத் தடுத்தால் நடுத்தரக் குடும்பங்கள் எங்கே போகும் என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நகருக்குள் இடமில்லாதவர்கள்தாம் நயாகாவுக்கும் பல்தானாவுக்கும் போனார்கள். மையத்தில் இறுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு விதியும் விளிம்பில் ஒரு மனைப்பிரிவை உருவாக்குகிறது. மையத்தையும் விளிம்பையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரம் கொண்ட திட்ட அமைப்பு மூன்று அரசுகளுக்கும் பொதுவாக இல்லாத வரை, இந்தச் சிக்கலுக்கு நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டும் தீர்வு ஆகா.

அரசியல் சட்டம் இதற்கு ஒரு வழியைக் காட்டியிருந்தது. 1992-இல் நிறைவேறிய 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில், உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளில் முதலாவதாக நகரத் திட்டமிடலும் இரண்டாவதாக நிலப் பயன்பாடு மற்றும் கட்டுமான ஒழுங்குமுறையும் இடம்பெற்றுள்ளன. நடைமுறையில் சண்டிகரில் திட்டமிடல் நிர்வாகத்திடமே இருக்கிறது. மாநகராட்சிக்குப் பூங்காப் பராமரிப்பும் குப்பையும் குடிநீரும் எஞ்சின. நயாகாவில் நேர்மாறாக, பெரிய திட்டத்தின் விளைவை எடைபோடும் நிபுணர்கள் இல்லாத சிறிய உள்ளாட்சியிடம் அதிகாரம் இருந்தது.

குடிமக்களுக்கு எஞ்சும் வழிகள்

தங்கள் ஊரின் ஏரிக்கரைக்கோ பூங்காவுக்கோ அருகில் பெரிய கட்டுமானம் வருவதாக அறிபவர்கள் செய்யக்கூடியவை சில உள்ளன. சுற்றுச்சூழல் அனுமதி கோரும் விண்ணப்பங்களும் நிபுணர் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் வெளியிடப்படுகின்றன. சரணாலயத்திலிருந்தும் நீர்நிலையிலிருந்தும் உள்ள தூரம் எனத் திட்ட நிறுவனம் எழுதியிருப்பது சரிதானா என்பதை அதில் பார்க்கலாம். தூரம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால், அதுவே வலுவான வாதமாகும். கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை என்றாலும், மதிப்பீட்டுக் குழுவுக்கு எழுத்துமூலம் மனு அளிப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

உள்ளாட்சி ஒப்புதல் அளித்த வரைபடத்தையும் அதற்கான நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். நீர்ப்பிடிப்புப் பகுதியை நிறுவ வேண்டுமானால், கேமலாட் வழக்கில் நடந்ததுபோல், நில அளவைத் துறையின் வரைபடம் வாய்மொழி வாதங்களைவிடப் பயன்படும். மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகும் காலத்தில் ஆட்சேபம் பதிவு செய்திருப்பது பின்னாளில் வழக்குக்கும் துணைநிற்கும்.

சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு தெரியப்படுத்தப்பட்ட நாளிலிருந்து 30 நாள்கள் அவகாசம். தாமதத்துக்குப் போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் வரை தீர்ப்பாயம் அனுமதிக்கலாம். அந்த 90 நாள்களுக்குப் பிறகு வரும் மேல்முறையீட்டை ஏற்கும் அதிகாரம் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தீர்ப்பாயத்துக்குக் கிடையாது.